கேட்க விடாத மனிதர்

அவர் இருக்கும் இடத்தில் யாருடைய கிளாசும் பாதிக்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை.

குண்டசாலையில் நாங்கள் வாடகைக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ற மரியாதைக்காக நானும் என் கணவரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். விறாந்தையில் கதிரை போட்டார்கள். அவருடைய மனைவி பிளேன்டீயும் சர்க்கரைக் கட்டியும் கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒரு ஜக்கில் தண்ணீர். என் ஊரான புசல்லாவையைப் பற்றி, நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தைப் பற்றி, கண்டிக்குப் போகும் காலை பஸ் நெரிசலைப் பற்றிப் பேச்சு போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கிளாசை வைப்பேன். அடுத்த முறை கை நீட்டும்போது அது நிறைந்திருக்கும். மனிதர் எப்போது எழுந்தார், எப்போது ஊற்றினார் என்றே தெரியவில்லை. என் கணவர் போதும் என்பதற்கு அடையாளமாகத் தன் கிளாசின் வாயை உள்ளங்கையால் மூடினார். அவர் சிரித்துக்கொண்டே அந்தக் கையை மெல்ல நகர்த்திவிட்டு ஊற்றினார்.

"குடிங்க தம்பி. தண்ணிதானே."

திரும்பி வரும்போது என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "இனிமே அவங்க வீட்டுக்குப் போறதுன்னா ரெண்டு நாளைக்கு முன்னாடியே தண்ணி குடிக்கிறத நிப்பாட்டணும்," என்றார்.

நான் அவரை 'நானா' என்று கூப்பிட்டேன். முஸ்லிம்களான அவர்கள் பேச்சில் அது அண்ணன். அவருடைய மனைவி எனக்கு 'ராத்தா', அக்கா. அவர் என்னை 'டீச்சர்' என்றார். மனம் இளகியிருக்கும் நேரத்தில் மட்டும் 'புள்ள' என்பார்.

கண்டி பஸ் நிலையத்துக்குக் கிட்ட வெகுகாலம் சாப்பாட்டுக் கடை நடத்தியவர் அவர். நாங்கள் வருவதற்கு முன்பே கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். கடைப் பழக்கம் மட்டும் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. முதலாளியாக இருந்தும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததே இல்லையாம். ஜக்கும் கையுமாக மேசைக்கு மேசை சுற்றிக்கொண்டிருப்பாராம்.

"அதுக்குத்தான் வேலையாள் இருந்தாங்களே நானா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவங்க ஆள் கூப்பிட்டாத்தான் வருவாங்க டீச்சர். ஆள் கேக்கிற வரைக்கும் நாம பாத்துக்கிட்டு ஈக்கக் கூடாது. தண்ணி வேணும் எண்டு வாயத் தொறந்து கேக்கிறது ஒரு மனுசனுக்கு வெக்கம். கேக்க முந்தி ஊத்திரணும்."

இதை அவர் ஏதோ பெரிய விசயம் போலச் சொல்லவில்லை. சோற்றுக்கு உப்புப் போட வேண்டும் என்பதைப் போலச் சொன்னார். எல்லாவற்றையும் அந்த ஒரே அளவில்தான் பார்த்தார். கைபேசியின் பற்றரி கொஞ்சம் குறைந்தாலும் பொறுக்காது. நாள் முழுக்கச் சார்ஜில் கிடந்து ஒருநாள் பற்றரி பணியாரம் போல உப்பி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. "எறங்கும் வரைக்கும் எனத்துக்குப் பாத்துக்கிட்டு ஈக்கிற?" என்று என்னிடமே நியாயம் கேட்டார். தெருப் பூனைகளுக்கு அவர் வைத்த சோறு தின்று தீராமல் காய்ந்து கிடக்கும். மதில்மேல் பறவைகளுக்கு ஒரு மண்சட்டித் தண்ணீர், பெருமழை கொட்டும்போதும் குடை பிடித்துக்கொண்டு போய் அதை நிரப்பிவிட்டு வருவார்.

ஒருமுறை எங்கள் தெருவில் பைப் தண்ணீர் நின்று போனது. அவர் வீட்டில் மட்டும் பெரிய பீப்பாய் நிறையத் தண்ணீர் இருந்தது. காலையில் நான் கதவைத் திறந்தபோது வாசலில் இரண்டு வாளி நிறைந்து நின்றது. மேல்வீட்டுச் சிங்களக் குடும்பத்துக்கு, தெருமுனை வயதான தம்பதிக்கு, எல்லோருக்கும் அப்படியே போயிருக்கிறது. யாரும் கேட்கவில்லை. பகல் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு எடுக்கத் தன் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அவர் பள்ளிவாசலை நோக்கி வேகமாக நடந்ததையும், ராத்தா விறாந்தையில் நின்று, "ஊருக்கெல்லாம் குடுத்துட்டு இப்ப ஓடுறார் பாருங்க!" என்று எனக்குக் கேட்கும்படி கத்தியதையும் நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

அப்படிப்பட்டவரை ராத்தா ஓர் இடத்தில் மட்டும் அண்டவிடவில்லை. அது தன்னுடைய பூச்சாடிகள் இருந்த இடம்.

ராத்தாவுக்கு முற்றத்துச் செடிகளில் அக்கறை இல்லை. எல்லாம் வீட்டுக்குள் வளர்ப்பவைதான். ஹோலின் மூலையில் அந்தூரியம், அலுமாரிக்குப் பக்கத்தில் கத்தி போல நிமிர்ந்து நிற்கும் ஸ்நேக் பிளான்ட், கிழக்கு ஜன்னல் விளிம்பு முழுக்க ஆபிரிக்கன் வயலட். வயலட்தான் அவருடைய உயிர். வெல்வெட் துணி போன்ற தடித்த இலைகள், நடுவில் ஊதாவும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கொத்துப் பூக்கள். எல்லாமே ஒரேயொரு இலையிலிருந்து பெருகியவை என்று சொல்வார்.

"இவர் கிட்ட வந்தா என்ட வயலட் எல்லாம் நீச்சல் பழகணும்," என்பார். நானா பாவம் போல ஒதுங்கி நிற்பார்.

அதற்கு முன் நான் வளர்த்த செடிகள் எல்லாம் செத்துத்தான் போயின. எப்படிச் சாகின்றன என்று எனக்கு விளங்கியது ராத்தாவோடு பழகிய பிறகுதான். விரலை மண்ணுக்குள் இரண்டாம் கணு வரை விட்டுப் பார்ப்பார். ஈரம் பட்டால் அப்படியே விட்டுவிடுவார். பெரிய சாடி என்றால் ஒரு ஈர்க்கைக் குத்தி எடுப்பார். ஈர்க்கில் மண் ஒட்டி வந்தால் தண்ணீர் கிடையாது. சின்னச் சாடிகளைக் கையில் தூக்கியே கண்டுபிடிப்பார், காய்ந்த சாடி இறகு போல எழும்பும். வயலட்டுக்கு மேலிருந்து ஊற்றவே மாட்டார், நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடுமாம். சாடிக்கு அடியிலிருக்கும் பீரிசுத் தட்டில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, மண் வேண்டியதை உறிஞ்சியதும் மிச்சத்தைக் கொட்டிவிடுவார். மழைமாதங்களில் வீட்டுக்குள்ளும் காற்று ஈரமாக இருக்கும் என்பதால் அந்தூரியத்துக்கு வாரக் கணக்கில் தண்ணீர் இராது.

ராத்தாவின் சிறுநீரகம் பழுதான செய்தி எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. முகம் வீங்கியிருந்ததை நான் தூக்கக் குறைவு என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்தேன். உதடு வெடித்துக் கிடந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நானா ஒரு போத்தலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் போத்தல் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ட வயலட்டுகளப் பாருங்க டீச்சர். இவர் ஊத்தியே கொன்னுருவார்," என்றார். சிரிக்கத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். நானா சிரிக்கவில்லை.

ராத்தாவின் மையித்து எடுத்து அடக்கிய பிறகு அந்த வீட்டில் சில வாரங்கள் ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள். கெலிஓயாவில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் பிள்ளைகளோடு வந்து தங்கியிருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். எனக்கும் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக் காலம். நான் ஹோலுக்குள் போய் அந்த ஜன்னலைப் பார்த்தபோது மழை தொடங்கிவிட்டிருந்தது.

வாசலிலேயே மணம் வந்தது. கலக்கிவிட்ட வாய்க்காலின் மணம். வயலட்டின் வெளிவட்ட இலைகள் கண்ணாடி போலாகிச் சாடியின் விளிம்பில் சரிந்து கிடந்தன. அந்தூரியத்தின் கீழ் இலைகள் மஞ்சள். ஸ்நேக் பிளான்டின் ஒரு மடல் அடியில் கூழாகி, சுவரில் சாய்ந்திருந்தது. பீரிசுகள் எல்லாம் தளும்பி நின்றன. சின்னச் சின்னக் கொசு போன்ற பூச்சிகள் மண்ணிலிருந்து எழும்பி அவருடைய பிளேன்டீயைச் சுற்றிப் பறந்தன. நானா ஜக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இதப் பாருங்க, எவ்வளவு ஊத்தியும் வாடுதே?"

"நானா, ஊத்துறதாலதான் வாடுது."

அவர் என்னை நம்பவில்லை. "தாகம் புள்ள. தல தொங்கிப் போய் ஈக்குது பாருங்க. தாகத்துலதானே தொங்கும்?"

"வேர் அழுகினாலும் அப்படித்தான் தொங்கும். வேரு செத்துப்போச்சுன்னா எவ்வளவு தண்ணி இருந்தாலும் குடிக்க ஏலாது. நீங்க வாடுதுன்னு நினைச்சு இன்னும் ஊத்துறீங்க."

கையிலிருந்த ஜக்கை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல அவர் சுற்றும்முற்றும் பார்த்தார்.

அந்தச் சனிக்கிழமை விறாந்தையில் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து ஒவ்வொரு சாடியாகக் கவிழ்த்தோம். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். இவை மண்ணிறமாகி, தொட்டால் தோல் கழன்று நூல் மட்டும் கையில் மிஞ்சியது. மண்ணை அலசிவிட்டு, கத்தரிக்கோலைக் கொதிதண்ணீரில் கழுவி, அழுகியதை எல்லாம் வெட்டினேன். வெட்டுவாயில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கக் கறுவாப்பட்டைத் தூள் தடவினோம். அவரே சமையலறையில் போத்தலைத் தேடி எடுத்து வந்தார். ராத்தா வாசத்துக்கென்று அரைத்து வைத்தது. மூடியைத் திறந்ததும் கொஞ்ச நேரம் அதை மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தும்புத்தூளும் மணலும் உடைத்த சிரட்டைக்கரியும் கலந்து, அடியில் ஓட்டை உள்ள சின்ன மண்சாடிகளில் நட்டோம். வேர் குறைந்த செடிக்குப் பெரிய சாடி கூடாது, குடிக்க ஆளில்லாத மண் ஈரமாகவே கிடக்கும்.

அந்தூரியம் பிழைக்கும் போலிருந்தது. ஸ்நேக் பிளான்டில் கூழாகாத மடல்களை வெட்டி, வெட்டுவாய் காயட்டும் என்று தனியாக வைத்தோம். வயலட்டில் முக்கால்வாசி போய்விட்டது. மிஞ்சியது நடுக்குருத்து மட்டும் உள்ள ஒரு செடியும் சில நல்ல இலைகளும். இலைகளைக் காம்போடு மண்ணில் குத்தி வைத்தேன்.

"இனி நான் சொல்ற வரைக்கும் எதுக்கும் தண்ணி ஊத்தக் கூடாது நானா."

அவர் முகம் மாறியது. "ஒரு சொட்டும்?"

"மண்ணுல இருக்கிற ஈரமே போதும். ஒரு சொட்டும் வேணாம்."

எழுந்து உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்து நான் தாள்களை மடித்துக் கொட்டிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து பின்னேரங்களில், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சேலை மாற்றும் முன்பே வேலிக்கு அந்தப் பக்கம் குரல் கேட்கும்.

"டீச்சர், இண்டைக்கு?"

"இன்னைக்கு வேணாம் நானா."

"மேல் மண் காஞ்சி ஈக்குதே?"

"மேல்மண்ணப் பாத்து நம்பாதீங்க. விரல விட்டுப் பாருங்க."

உள்ளே போய் விரலை விட்டுப் பார்ப்பார். பிறகு, "உள்ளுக்கு ஈரம்தான்," என்பார். தோற்றுப்போன குரல். ஒருநாள் நான் அங்கே போனபோது, கதிரையை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன நானா, செடியோட கோபமா?"

"பாத்தா ஊத்திருவன் டீச்சர். அதனால பாக்கல்ல."

அதையும் நான் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மழை விட்டு வெயில் தொடர்ந்து அடித்த ஒரு பின்னேரம் நானே போய்ச் சாடியைத் தூக்கிப் பார்த்தேன். கனமில்லை. விரலை விட்டேன். தூளாக உதிர்ந்தது. குருத்தின் நடுவில் எள்ளளவு இரண்டு புது இலைகள் நிமிர்ந்து நின்றன.

"நானா, இன்னைக்கு ஊத்தலாம்."

அவர் ஜக்கை எடுக்கவில்லை. ஒரு சின்னக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து பீரிசில் ஊற்றினார். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் மெல்லக் குறைந்தது. காய்ந்த மண்சாடி அடியிலிருந்து நிறம் கறுத்துக்கொண்டே மேலே வந்தது.

"குடிக்குது," என்றார். பிறகு, "அவளுக்குக் குடுக்கல்ல புள்ள," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் கதிரையில் உட்கார்ந்தார்.

"டொக்டர் ஒரு போத்தல் காட்டினார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எண்டார். தேத்தண்ணி, கஞ்சி, குளிச முழுங்கிற தண்ணி எல்லாம் அதுக்குள்ளதான். கூடினா நெஞ்சுக்குத் தண்ணி ஏறி மூச்சு முட்டும் எண்டார். அந்தப் போத்தல என்ட கையிலதான் குடுத்தாங்க."

நான் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவ கேட்டா புள்ள. வாயத் தொறந்து கேட்டா. ஒரு மடக்குத் தாங்க எண்டு. இத்தன வருசத்துல என்கிட்ட ஒண்டும் கேக்காத பொம்புள. கேக்க வெச்சிட்டு, இல்ல எண்டு சொன்னன். ஒவ்வொரு நாளும் சொன்னன். கடைசி நாள் பின்னேரம் அசர் நேரத்துக்கே போத்தல் முடிஞ்சி. அவ போத்தலப் பாக்கிறா, என்னப் பாக்கிறா. பஞ்ச நனைச்சி ஒதட்டுல வெச்சன். பால் குடிக்கிற புள்ள மாதிரி அத உறிஞ்சினா. அதப் பாக்க ஏலாம நான் மஹ்ரிப் தொழப் போயிட்டன். விடிய முந்தி மவுத்தாப் போயிட்டா."

"டொக்டர் சொன்னதத்தான் செஞ்சீங்க நானா. நீங்க செஞ்சது சரிதான்."

"சரி எண்டு தெரியும். தெரிஞ்சும் அந்த முகம் போகுதில்ல." பீரிசைப் பார்த்தபடி சொன்னார். "தாகத்தோட போயிட்டா."

வீட்டுக்கு வந்து நான் அழுதேன். ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள் என்று நான் சொன்னதும் அவர் எழுந்து உள்ளே போனாரே, அந்த முதுகு கண்முன் வந்துகொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒரு செடியையும் ஊற்றிக் கெடுக்கவில்லை. கையில் ஈர்க்கோடு வேலிக்கு வந்து, "மண் ஒட்டுது டீச்சர். இண்டைக்குக் குடுக்கல்ல," என்று அறிவிப்பார். குத்தி வைத்த இலைகளின் காலடியில் எலிக்காது போலக் குட்டிகள் முளைத்தன. முதல் பூ வந்தபோது வெளியே நின்றே என் பெயர் சொல்லிக் கத்தினார், அதுவரை அவருக்கு என் பெயர் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. ஊதாப் பூ. நாங்கள் மூவரும் அதைச் சுற்றி நின்று பார்த்தோம். என் கணவரின் கிளாசில் மட்டும் அப்போதும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மனிதர்கள் விசயத்தில் அவரை யாராலும் திருத்த முடியவில்லை.

பாசி படிந்த பின்படியில் வழுக்கி விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. மகள் கெலிஓயாவுக்குக் கூட்டிப்போனாள். வேன் நின்றிருந்தபோது, வயலட் சாடிகளைப் பின்னால் வைக்கச் சொன்ன சாரதியிடம் முடியாது என்று மறுத்து, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு ஒரு தட்டத்தில் அவற்றை மடியில் வைத்துக்கொண்டார். அந்தூரியம் எனக்கு வந்தது.

"வாறன் எண்டு சொல்ல மாட்டன். நீங்க வாங்க," என்றார்.

போனோம். நினைத்த அளவுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடமும் வீடும் பஸ்ஸுமாக நாட்கள் ஓடின. ஆனால் வட்ஸ்அப்பில் அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. ஒரு படம், கூடவே குரல்பதிவு.

"டீச்சர், கீழ் எல ஒண்டு மஞ்சளாகுது. பயப்படணுமா?"

"ஒண்ணுதான்னா அது வயசான எல நானா. கிள்ளிப் போட்டுருங்க."

அடுத்த பதிவில் சிரிப்பு. "வயசானா கிள்ளிப் போடத்தான் வேணும். சரி, சரி."

கடைசிப் பதிவில் இருமல்தான் அதிகம். படத்தில் ஜன்னல் விளிம்பு நிறையப் பூ.

மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் வகுப்பில் இருந்தேன். நாங்கள் கெலிஓயா போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. வீடு நிறையப் பெண்கள். மகளைக் கட்டிப்பிடித்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

கூட்டம் குறைந்த பிறகு ஒருநாள் தனியாகப் போனேன். மகள் என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். வயலட்டுகள் அங்கே இருந்தன. ஒவ்வொரு சாடியிலும் ஓர் ஈர்க்கு.

"வாப்பா இதுக்கெல்லாம் பாத்துப் பாத்துத்தான் ஊத்துவார் டீச்சர். எங்களுக்கு அதிசயம்." அவள் ஒரு காய்ந்த பூவைக் கிள்ளினாள். "உங்களோட நல்லாக் கதைப்பார்தானே. உம்மாட கடைசி நாளப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

"ஏன் கேக்குறீங்க?"

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான் ஒரு வேல செஞ்சன். ஒருத்தருக்கும் தெரியாது. என்ட ஹஸ்பன்டுக்கும் தெரியாது. அண்டைக்கு வாப்பா மஹ்ரிப் தொழப் போன நேரம் உம்மா என்னக் கூப்பிட்டா. தண்ணி எண்டா. நான் ஏலாது உம்மா எண்டன். அவ என்ட கையத் தடவினா. எனக்குத் தாங்க ஏலல்ல டீச்சர். கீழ கென்டீனுக்கு ஓடிப் போய்க் கூல் தண்ணிப் போத்தல் ஒண்டு வாங்கிட்டு வந்தன். கிளாஸ் நிறைய ஊத்திக் குடுத்தன். முழுக்கக் குடிச்சா. கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சா. குடிச்சி முடிச்சி, 'அல்ஹம்துலில்லாஹ்' எண்டா. பொறகு சிரிச்சா. 'வாப்பாக்குச் சொல்லாத. மனுசன் இவ்வளவு கஷ்டப்பட்டு எனக்குக் காவல் ஈக்கிறார்' எண்டா."

அவள் கையிலிருந்த காய்ந்த பூவைக் கசக்கினாள்.

"விடிய முந்தி போயிட்டா. அந்தத் தண்ணிதான் உம்மாவக் கொண்டு போச்சோ எண்டு எனக்கு இன்னும் பயம். வாப்பா எவ்வளவு கட்டுப்பாடா ஈந்தார். அவருக்குத் தெரிஞ்சா என்ட முகத்தப் பாக்க மாட்டார் எண்டு பயந்து, கடைசி வரைக்கும் சொல்லல்ல. நான் செஞ்சது பிழையா டீச்சர்?"

அந்த ஜன்னலருகில், பீரிசைப் பார்த்தபடி அவர் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. இந்த வீட்டில் தகப்பனும் மகளும் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள், ஒரே கூரைக்குக் கீழே தூங்கியிருக்கிறார்கள். அவர் வாயைத் திறந்திருந்தால் இவள் சொல்லியிருப்பாள். இவள் சொல்லியிருந்தால் அவர் தூங்கியிருப்பார்.

"ஒரு கிளாஸ் தண்ணியில உயிர் போகாது," என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் சொன்னேன். பிறகு தெரிந்ததைச் சொன்னேன். "உங்க வாப்பா கோவிச்சிருக்க மாட்டார். உம்மா தாகத்தோட போயிட்டாங்கன்னுதான் அவர் சாகிற வரைக்கும் அழுதார். நீங்க குடுத்தது தெரிஞ்சிருந்தா உங்க கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்தியிருப்பார்."

அவள் என்னைப் பார்த்தாள். அவர் என்னிடம் சொன்ன எல்லாவற்றையும், அவர் சொன்ன அதே வார்த்தைகளில், நான் அவளிடம் சொன்னேன். அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். எழுந்தபோது அவள் முகம் ராத்தாவின் முகம் போலிருந்தது.

குண்டசாலை வீட்டில் இப்போது வேறு குடும்பம். நல்லவர்கள், அமைதியானவர்கள். வேலியைச் சுவராக்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் சரி என்றேன். இருந்தும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கைப்பையை மேசையில் வைக்கும் நேரம், காது தானாக அந்தப் பக்கம் போகிறது. ஒரேயொரு முறை, ஒரு பின்னேரம் மட்டும், அந்தக் குரல் "டீச்சர்" என்று கூப்பிட்டால் போதும். செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய்ச் சொல்லிவிடுவேன்: நானா, ராத்தா குடிச்சாங்களாம். கிளாஸ் நிறையக் குடிச்சாங்களாம். குடிச்சிட்டுச் சிரிச்சாங்களாம்.